பார்வையாளரை நிறுத்தி வைப்பதா, அனுப்பி வைப்பதா?

1999-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர், தாங்கள் உருவாக்கிய கூகுள் தேடுபொறியை விற்றுவிட்டுப் படிப்பைத் தொடரலாம் என்று எண்ணி எக்சைட் நிறுவனத்தை அணுகினார்கள். அன்று இணையத்துக்குள் நுழைகிற பலருக்கு எக்சைட்தான் வாசல். பத்து லட்சம் டாலரில் தொடங்கிய பேரம், முதலீட்டாளர் வினோத் கோஸ்லாவின் முயற்சியால் ஏழரை லட்சம் வரை இறங்கியது. அப்போதும் எக்சைட்டின் தலைவர் ஜார்ஜ் பெல் வேண்டாம் என்றுவிட்டார். கூகுளின் வரலாற்றை எழுதிய ஸ்டீவன் லெவி, 2011-இல் வெளிவந்த தம் நூலில் இதற்குச் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது. கூகுள், தேடியதைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வந்தவர் அடுத்த நொடியே வேறு தளத்துக்குப் போய்விடுவார். எக்சைட்டுக்கோ, வந்தவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால்தான் விளம்பர வருமானம்.

பெல் பின்னாளில் வேறு காரணம் சொன்னார். எக்சைட் 2001-இல் திவாலானதற்கு இந்த ஒரு முடிவு மட்டும் காரணமும் அல்ல. அட்ஹோம் என்ற கேபிள் இணைய நிறுவனத்துடன் சேர்ந்தது, கடன், டாட்காம் சரிவு எல்லாம் சேர்ந்துதான் அதை வீழ்த்தின. ஆகவே இந்தக் கதையைச் சான்றாக வைக்க நான் தயாரில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு தொழிலின் வலைத்தளத்துக்கு வந்தவரை நிறுத்தி வைப்பது நல்லதா, வந்த காரியத்தை முடித்துக் கொடுத்து அனுப்பி வைப்பது நல்லதா?

வலைத்தளம் அமைத்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் முதலாவதுதான். கோவையில் பம்பு செய்பவர், திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர், சிவகாசியில் அச்சகம் நடத்துபவர், யாராக இருந்தாலும் மாதாமாதம் மெயிலில் வரும் ரிப்போர்ட் ஒரே அச்சில் இருக்கிறது. சராசரியாக ஒருவர் எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை பக்கம் பார்த்தார், எத்தனை பேர் முதல் பக்கத்தோடு திரும்பிப் போனார்கள். முதல் இரண்டும் ஏறினால் பச்சை அம்புக்குறி. மூன்றாவது ஏறினால் சிவப்பு. பச்சையைப் பார்த்த முதலாளி அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டுகிறார்.

அந்த நிமிடக் கணக்கு எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2005-இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளை கூகுள் இலவசமாக அளித்தது. அதுதான் கூகுள் அனலிட்டிக்ஸ். 2023 ஜூலை வரை புழக்கத்தில் இருந்த அதன் பழைய வடிவம், ஒரு பக்கத்தில் செலவான நேரத்தைக் கணக்கிட்ட முறை எளிமையானது. அடுத்த பக்கம் திறந்த நேரத்திலிருந்து இந்தப் பக்கம் திறந்த நேரத்தைக் கழிக்கும். அடுத்த பக்கமே திறக்கப்படவில்லை என்றால் கழிக்க எதுவும் இல்லை, கணக்கு பூஜ்யம். ஒரு விவசாயி பம்பு விவரப் பக்கத்தைத் திறந்து எட்டு நிமிடம் நிதானமாகப் படித்து, டீலரின் எண்ணைக் குறித்துக்கொண்டு மூடிவிட்டால், தனி ஏற்பாடு எதுவும் செய்யாத தளத்தில் அவர் பூஜ்ய நொடி இருந்தவராகவும் முதல் பக்கத்தோடு ஓடிப்போனவராகவும் பதிவாவார். விலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஏழு பக்கங்களில் அலைந்து எரிச்சலோடு வெளியேறியவர் அருமையான பார்வையாளர் ஆகிவிடுவார். பல ஆண்டுகள் பல்லாயிரம் தொழில்கள் இந்த எண்ணை வைத்துத்தான் தங்கள் தளங்களைத் திருத்தின.

இப்போதுள்ள நான்காம் வடிவம் இதைவிட நேர்மையானது. பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை அது அளக்கிறது. வருகை பத்து நொடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்க்கப்பட்டாலோ, நாம் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயல் நடந்தாலோ அதை ஈடுபாடுள்ள வருகை என்று எண்ணுகிறது. இதில் மூன்றாவது நிபந்தனை மட்டுமே தொழிலோடு நேரடித் தொடர்புள்ளது. முதல் இரண்டையும் குழப்பமான ஒரு தளம் சுலபமாக எட்டிவிடும். ஆனால் அந்த முக்கியச் செயல் எது என்று தளத்துக்காரர்தான் குறித்து வைக்க வேண்டும். குறித்து வைக்காத தளங்களே அதிகம்.

நேரம் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விளம்பரத்தால் வாழும் தளங்களுக்குப் பார்வையாளரின் நேரம்தான் சரக்கு. யூடியூப் 2012-இல், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துக் காணொளிகளைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. அதன் வருமானத்துக்கு அது பொருத்தமான முடிவு. அங்கே ஒரு நிமிடம் கூடினால் ஒரு விளம்பரம் கூடும். பம்பு விற்பவர் விற்பது பம்பை. பார்வையாளரின் கூடுதல் நிமிடம் அவர் கல்லாவில் ஒரு ரூபாயும் போடாது. விளம்பரத் தொழிலின் தராசை, அந்தத் தொழிலில் இருப்பவரே இலவசமாகக் கொடுத்தார் என்பதற்காக, சரக்கு விற்பவர்கள் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்புக்கு வலுவான ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த சாவ் லியூ, ரையன் வைட், சூசன் டுமே மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வலைப்பக்கங்களில் 200 கோடிக்கும் மேலான வருகைகளை ஆராய்ந்தது. இயந்திர உறுப்புகள் எப்போது பழுதாகும் என்று கணிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வெய்புல் பரவலை அவர்கள் வலைப்பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ஒரே போக்கு தெரிந்தது. தொடக்கத்தில் வெளியேறும் வேகம் மிக அதிகம். நேரம் ஆக ஆக அது குறைகிறது. இணையப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் இதிலிருந்து எடுத்த முடிவு: முதல் பத்து நொடிதான் கண்டம், அரை நிமிடத்தைத் தாண்டியவர் இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ இருக்க வாய்ப்பு உண்டு.

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதைக் காட்டி, பார்வையாளரைப் பிடித்து வைக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் ஆய்வைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். பத்து நொடிக்குள் ஒருவர் எடுத்துப் பார்ப்பது ஒன்றே ஒன்றை: நான் தேடி வந்தது இங்கே இருக்கிறதா? இருக்கிறது என்று தெரிந்தால் தானாக நிற்பார். அந்தப் பத்து நொடியில் மூன்று நொடியைப் படங்கள் இறங்குவதற்கே செலவழித்துவிட்டால் மீதி என்ன இருக்கும்? கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் 53 சதவீத வருகைகள் கைவிடப்படுகின்றன என்று 2016-இல் கூகுள் வெளியிட்டது. பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் இரண்டரை நொடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்பது அது இன்று வைத்திருக்கும் வரையறை. பார்வையாளரைக் கவர வேண்டும் என்று சேர்க்கப்படும் அலங்காரங்களே பெரும்பாலும் இந்த வரையறையை உடைக்கின்றன.

ஒரு தளத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். கோவைப் பக்கத்துப் பம்பு நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எந்த நிறுவனமும் இல்லை; பல தளங்களில் திரும்பத் திரும்பப் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். உள்ளே வருபவரின் தோட்டத்தில் மோட்டார் காயில் கருகிவிட்டது. ரீவைண்டிங் செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறார். போர் நான்கரை அங்குலமா ஆறரை அங்குலமா, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, தோட்டத்துக்கு வருவது சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, போட்டிருக்கும் பைப் என்ன அளவு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரிய வேண்டியது ஐந்தாறு விவரங்கள்தான். இந்த ஆழத்துக்கு எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ். அந்த ஹெட்டில், அதாவது தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரத்தில், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும். விலை ஏறக்குறைய என்ன. பக்கத்தில் டீலர் யார். அவரிடம் சரக்கு இருக்கிறதா. பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்.

திரையில் முதலில் வருவது தொழிற்சாலையின் முகப்புப் படம். நான்கு நொடியில் அது நகர, நிறுவனர் குத்துவிளக்கு ஏற்றும் படம். பிறகு மஞ்சள் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் வெளிநாட்டார் இருவர். அதன் கீழே நிறுவனத்தின் தொலைநோக்கு, இலட்சியம், எல்லாம் ஆங்கிலத்தில். இதற்குள் வலது மூலையில் ஒரு சாட் பெட்டி எழுந்து பெயர், கைப்பேசி எண், மெயில் முகவரி கேட்கிறது. பொருள்கள் பக்கத்துக்குப் போனால் மாடல் எண்கள் வரிசையாக இருக்கின்றன, விலை இல்லை. ஹெட்டும் டிஸ்சார்ஜும் உள்ள அட்டவணை, அச்சிட்ட கேட்லாகை ஸ்கேன் செய்து போட்ட படம். விரலால் பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது. முழு விவரத்துக்கு பிடிஎஃப் இறக்க வேண்டும். இந்தத் தளத்தில் அவர் ஆறு நிமிடம் இருப்பார். ரிப்போர்ட்டில் பச்சை அம்புக்குறி வரும். அவர் பக்கத்து ஊர்க் கடைக்காரர் சொன்ன வேறு கம்பெனிப் பம்பை வாங்கிக்கொள்வார்.

அதே அட்டவணையைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே போட்டிருக்கலாம். போரின் அளவு, நீர்மட்டம், பேஸ் மூன்றையும் கேட்டு, பொருந்தும் இரண்டு மாடலை மட்டும் காட்டலாம். தமிழில் காட்டலாம். ஐ.எஸ். 8034 முத்திரை உண்டா, நட்சத்திரக் குறியீடு எத்தனை, தோராய விலை என்ன, அந்த மாவட்டத்து டீலரின் எண் என்ன என்பதை ஒரே திரையில் வைத்துவிடலாம். பம்பைப் பொறுத்தவரை இது வெறும் வசதி மட்டுமல்ல. ஹெட் என்பது நிற்கும் நீர்மட்டத்தை மட்டும் வைத்து வருவதில்லை. பம்பு ஓடும்போது நீர் இறங்கும் ஆழமும் பைப்பின் உராய்வும் அதில் சேரும். தவறான ஹெட்டுக்கு வாங்கிய பம்பு தண்ணீரைக் குறைவாகத் தரும், மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். இரண்டே மாதத்தில் புகாராகத் திரும்பி வரும். சரியான விவரத்தைப் பெற்றவர் ஒரு நிமிடத்தில் தளத்தை விட்டுப் போய்விடுவார். நிறுவனத்துக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் கிடைத்திருப்பார்.

இப்படி நடத்திக் காட்டியவர்கள் உண்டா? அமெரிக்காவில் மெக்மாஸ்டர் கார் என்ற நிறுவனம் இருக்கிறது. 1901-இல் சிகாகோவில் தொடங்கியது. இன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் எல்ம்ஹர்ஸ்டில் இருக்கிறது. திருகு, போல்ட், பேரிங், பைப் இணைப்பு என்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. அதன் மஞ்சள் அட்டைக் கேட்லாக் பொறியாளர்களிடையே புகழ்பெற்றது. வலைத்தளமும் அந்தக் கேட்லாகின் குணத்திலேயே இருக்கிறது. நகரும் படம் இல்லை, எழும்பும் பெட்டி இல்லை, இன்னும் இரண்டே மீதி என்று பதறவைக்கும் எச்சரிக்கை இல்லை. சிறு கோட்டோவியங்களாகப் பொருள் வகைகள். மரையின் அளவு, நீளம், உலோகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க, பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்து தேவையான திருகில் நிற்கிறது. அதன் அளவுப் படத்தையும் முப்பரிமாண வரைவையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். ஓர் இணைப்பின் மேல் சுட்டி வந்து நின்றதுமே, சொடுக்கும் முன்பே, அடுத்த பக்கத்தைத் தளம் கொண்டுவரத் தொடங்கிவிடுகிறது. வலைத்தளம் செய்பவர்கள் அதன் வேகத்தைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்து பாராட்டுகிறார்கள்.

இதிலிருந்து எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். அது தனியார் நிறுவனம். கணக்கு வெளியே வராது. மலிவான கடை என்ற பெயரும் அதற்கு இல்லை. ஆர்டர் செய்யப்படும் பொருள்களில் 98 சதவீதம் கையிருப்பிலிருந்து அன்றோ மறுநாளோ போய்ச் சேர்கிறது என்று அது சொல்கிறது. அந்தக் கிடங்குகள் இல்லாமல் தளம் மட்டும் என்ன செய்யும்? ஆகவே வேகமான தளம் வைத்தால் தொழில் ஓடும் என்று இந்த ஒரு நிறுவனத்தைக் காட்டி நிறுவ முடியாது. ஆனால் பார்வையாளரைப் பிடித்து வைக்கும் உத்திகள் இல்லாமல் தளம் நடத்த முடியாது என்ற வாதத்தை முறிக்க இந்த ஒன்று போதும். அந்த உத்தி ஒன்றுகூட இல்லாத தளத்துக்குப் பொறியாளர்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

உத்திகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத் தளத்தின் நகரும் படங்களை எரிக் ரன்யன் 2013-இல் ஆராய்ந்தபோது வந்தவர்களில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தினரே அதைச் சொடுக்கினார்கள். அதிலும் பெரும்பங்கு முதல் படத்துக்கே போயிற்று. இரண்டாவது, மூன்றாவது படங்கள் யாருக்காக? எழும்பும் விளம்பரத்துக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஈதன் சக்கர்மன் 2014-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கைப்பேசியில் உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகள் உள்ள பக்கங்களைத் தேடலில் கீழிறக்கப் போவதாக அறிவித்த கூகுள், 2017 ஜனவரியில் அதைச் செயல்படுத்தியது.

கட்டாயப் பதிவைப் பற்றி, வலைத்தளப் பயன்பாட்டை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் சொன்ன நிகழ்வும் பலருக்குத் தெரிந்திருக்கும். வாங்குமுன் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்ற பொத்தானை எடுத்துவிட்டு, தொடர்க என்று மாற்றியதில் ஒரு பெரிய வணிகத் தளத்தின் விற்பனை முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடியதாம். நிறுவனத்தின் பெயரை அவர் சொல்லவில்லை என்பதால் நம்மால் சரிபார்க்க இயலாது. ஆனாலும் இணையக் கூடைகளில் சுமார் 70 சதவீதம் பணம் கட்டாமலே கைவிடப்படுகின்றன என்று இணைய வணிகத்தை ஆராயும் பேமார்ட் நிறுவனம் தொடர்ந்து சொல்லிவருகிறது. கணக்குத் தொடங்கச் சொல்லி வற்புறுத்துவது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

நிறுத்தி வைக்கும் எண்ணம் எங்கே போய் முடிகிறது என்பதற்கு அமேசானைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற நிறுவனம் அது. அதே நிறுவனம் பிரைம் சந்தாவை ரத்து செய்ய வைத்திருந்த சுற்றுவழிக்கு, உள்ளுக்குள் இலியட் என்று பெயர் வைத்திருந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் கூறியது. ஹோமரின் நெடுங்காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமல், 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய் அவசரம் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் மடக்குவது, ஓயாமல் நச்சரிப்பது மூன்றும் அதில் உண்டு. மாத ரிப்போர்ட்டில் ஈடுபாடு என்ற பெயரில் பாராட்டப்படும் சில உத்திகள் இன்று தடை செய்யப்பட்டவை என்பதைச் சிறுதொழில் செய்பவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாத் தொழிலும் பம்புத் தொழில் இல்லையே? கல்யாணப் பட்டுப்புடவை தேடுபவர் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு போக விரும்புவாரா? மாட்டார். தேர்ந்தெடுப்பதே அங்கே மகிழ்ச்சி. ஐம்பது புடவையை விரித்துப் பார்த்துவிட்டு முதலில் பார்த்ததையே எடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. வீட்டுக்கடன், பள்ளிச் சேர்க்கை, அறுவை சிகிச்சை போன்றவற்றிலும் நிதானமாகப் படிக்கத்தான் வேண்டும். இங்கெல்லாம் நீண்ட நேரம் இயல்பானது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் அங்கேயும் ஆளை நிறுத்துவது சரக்கு. முந்தானையை விரித்துக் காட்டும் காணொளி, உடலும் கரையும் சேருமிடத்தில் கோர்வை தெரியும்படி எடுத்த நெருக்கப் படம், பகல் வெளிச்சத்தில் தெரியும் நிறம், சரிகையின் தரம், சில்க் மார்க் உண்டா, திருப்பி எடுப்பார்களா. இவை இருந்தால் பெண்கள் அரை மணி நேரம் அங்கேயே இருப்பார்கள். தி.நகர்க் கடையில் பாயில் உட்கார்ந்து ஐம்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போகச் சங்கடப்படுவோம். பஸ் ஏறி வந்த அலுப்பு வேறு. தளத்திலிருந்து வெளியேற ஒரு விரல் அசைவு போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் கடையில் பலிக்கும் தந்திரம் தளத்தில் பலிப்பதில்லை. ஆக, புடவைத் தளத்திலும் நேரம் நல்ல சரக்கின் விளைவாகத்தான் வருகிறது. அதை இலக்காக வைத்துத் துரத்தினால் மீண்டும் சாட் பெட்டியும் சுழலும் சக்கரத் தள்ளுபடியும்தான் வந்து சேரும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. விளம்பரம் விற்கும் தளங்களைத் தவிர மற்றத் தொழில்களுக்கு, தங்கும் நேரம் அளவுகோலாகத் தகுதியற்றது. முதல் பத்து நொடிக்குள் தேடி வந்தது கண்ணில் படுகிறதா, வந்த காரியம் முடிந்ததா, அடுத்த தேவைக்கு அதே ஆள் திரும்பி வந்தாரா என்ற மூன்றை வைத்தே ஒரு தளத்தை மதிப்பிட வேண்டும். இவற்றை அறிய விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. அழைப்புப் பொத்தானையும் வாட்ஸ்அப் பொத்தானையும் முக்கியச் செயலாக அனலிட்டிக்ஸில் குறித்து வைக்கலாம். தளத்துக்குள் மக்கள் என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடினார்கள் என்று பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற கேள்விகளை ஒரு மாதம் எழுதச் சொல்லலாம். பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் அதற்கான பதில் தளத்தில் இல்லை, அல்லது இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தொழில் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாத ரிப்போர்ட் வரும்போது நிமிடக் கணக்கைத் தாண்டிப் போய், எத்தனை பேர் அழைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு அழைத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் கைப்பேசியை எடுத்து, தோட்டத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் அதே நெட்வொர்க்கில் உங்கள் தளத்தைத் திறந்து, உங்கள் சரக்கு ஒன்றின் விலையையும் டீலரின் எண்ணையும் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், தளம் அமைத்தவரிடம் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை பார்வையாளரைக் கூடுதல் நேரம் நிறுத்தித் தருகிறேன் என்று சொல்லும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.